சக்கரம் தேடு படலம்

இராமாயணத்தில் 'ஊர் தேடு படலம்' என்று ஒன்று உண்டு. அனுமார் இலங்கை முழுவதும் அலைந்து சீதையைத் தேடுகிறார். என் சிநேகிதர் ஒருவர் அதே மாதிரி திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் பல மாதங்கள் அலைந்து திரிந்தார். அவர் தேடியது ஒரு பஸ் சக்கரத்தை. அனுமாருக்கு இருந்த வசதி கூட இவருக்கு இல்லை. 'சீதை இப்படி இருப்பாள்' என்று அனுமாருக்கு அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிநேகிதருக்கோ எந்தச் சக்கரத்தைப் பார்த்தாலும் அதுதான் தாம் தேடுகிற சக்கரம் என்று தோன்றியது!

சிநேகிதருக்குச் சொந்த ஊர் ஆத்தூர். சேலத்துப் பக்கத்து ஆத்தூரை நினைத்துக் கொள்ள வேண்டாம். இது திண்டுக்கல் ஜில்லா ஆத்தூர்; செம்பட்டிக்கும் சித்தையன்கோட்டைக்கும் பக்கத்தில், மேற்கே மலைத்தொடரைப் பார்த்துக்கொண்டு, தென்னந்தோப்பும் வயலுமாக இருக்கிற ஊர். அங்கே சிநேகிதருடைய தோப்பில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பழைய செவர்லே பஸ். அவருடைய பாட்டனார் ஒற்றை பஸ் முதலாளி. பஸ் ஓய்வு பெற்ற பிறகும் அதை விற்க அவருக்கு மனம் வரவில்லை. 'சோறு போட்ட வண்டி' என்று சொல்லிக் கொட்டகையில் கட்டி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

பேரனுக்கு ஓர் ஆசை. ஊர்ப் பள்ளிக்கூடத்து விழாவன்று அந்த பஸ்ஸை ஓட்ட வேண்டும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வரவேண்டும். என்ஜினைப் பிரித்துப் பூட்டினார்கள். கொஞ்சம் முரண்டு பண்ணிவிட்டு அது உறுமத் தொடங்கிவிட்டது. தேக்குச் சட்டங்களைக் கரையானிடமிருந்து மீட்டார்கள். பெயிண்ட் அடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், முன் சக்கரம் ஒன்றைக் காணோம். இன்னொன்று மண்ணில் பாதி புதைந்து துருவாக உதிர்ந்துவிட்டது. பின்னால் உள்ள நான்கும் செங்கல் அடுக்கின் மேல் இருந்ததால் பிழைத்தன. ஸ்டெப்னியும் இருந்தது.

"இரண்டு சக்கரம்தானே? வாங்கிப் போட்டால் போகிறது" என்றார் சிநேகிதர். அன்றைக்குத்தான் படலம் தொடங்கிற்று.

சக்கரத்துக்காக இப்படி அலைய வேண்டியிருப்பது நம் ஜனங்களுக்கு ஒரு புது அனுபவம் என்றே சொல்லவேண்டும். மாட்டுவண்டிக்காரன் சக்கரத்தைத் தேடியதில்லை, ஆசாரியைத்தான் தேடினான். ஆசாரி அடுத்த தெருவில் இருந்தார். நடுவிலே குடம், குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், இரண்டிரண்டு ஆரக்காலை ஏந்திக்கொள்ளும் வட்டைகள், எல்லாவற்றையும் சுற்றி இரும்புப் பட்டா. அந்தப் பட்டா போடுகிற காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே பட்டாவை அடித்து வைத்திருப்பார்கள். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி அதைச் சிவக்கக் காய்ச்சுவார்கள். இரும்பு விரிந்து கொடுக்கும்போது இடுக்கியால் தூக்கி வட்டையின்மேல் இறக்கி, மரம் பற்றிக்கொள்வதற்குள் தண்ணீரை ஊற்றுவார்கள். 'சுர்'ரென்று புகை கிளம்பும். இரும்பு சுருங்கும். குடமும் காலும் வட்டையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரே பொருளாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சக்கரத்துக்கு நம்பர் கிடையாது, கடை கிடையாது. வண்டியைப் பார்த்து, அச்சைப் பார்த்து, அந்த ஊர்ப் பாதையைப் பார்த்து, ஏற்றப்போகும் பாரத்தைக் கேட்டுக்கொண்டு ஆசாரி செய்தார். ஆகவே அது 'சரியான' சக்கரமாக இருந்தது. ஒரு கால் ஒடிந்தால் ஒரு காலை மட்டும் மாற்றினார். குடம் விண்டுபோனால் குடத்தை மாற்றினார். கப்பலையும் தபாலையும் நம்பி ஒரு சக்கரமும் காத்திருக்கவில்லை.

பிறகு மோட்டார் வந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தம்முடைய கம்பெனியைத் தொடங்கி, தென் ஜில்லாக்களின் சாலைகளில் பஸ் விடலானார். 1920-ல் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். பழனி இன்று திண்டுக்கல் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆக, நம் பக்கத்து ஜனங்கள் மோட்டார்ச் சக்கரத்தின் புழுதியை ஆரம்ப காலத்திலேயே முகர்ந்துவிட்டார்கள்.

அந்தச் சக்கரம் எப்படிப்பட்டது? முதலில் வந்த மோட்டார் வண்டிகள் பலவற்றில் சக்கரம் மரம்தான். மாட்டுவண்டிச் சக்கரத்தின் சீமைத் தம்பி என்று சொல்லலாம். இரும்புப் பட்டாவுக்குப் பதிலாகக் கனத்த ரப்பர்ப் பட்டா. காற்றடித்த டயரை ராபர்ட் தாம்ஸன் என்பவர் 1845-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1888-ல் பெல்பாஸ்டில் ஜான் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் தம் பையனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடியும் கண்டுபிடித்தார். மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவருடைய டயர் பிற்பாடு நம் ஊர் மாட்டுவண்டிக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பொருத்தத்தைப் பிறகு சொல்கிறேன்.

காற்றடித்த டயர் சுகமாக ஓடும். ஆனால் மாட்டு லாடத்திலிருந்து ஓர் ஆணி உதிர்ந்து சாலையில் கிடந்தால் போதும், சுகம் போய்விடும். ஆரம்பத்து மோட்டார்களில் உபரிச் சக்கரம் வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி வீதியில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் இதற்கு ஒரு வழி பண்ணினார்கள். டயர் போட்ட ஒரு வெறும் வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துக் கவ்வ வைத்துவிட்டு வண்டியை ஓட்டலாம் என்றார்கள். அந்த வீதியின் பெயரே அந்தச் சக்கரத்துக்கு வந்தது. சீமையில் அந்தப் பெயரை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். நம் ஊர் லாரிக் கிளீனரோ இன்றைக்கும் 'ஸ்டெப்னியை இறக்குடா' என்கிறான். வேல்ஸ் தேசத்துத் தெரு ஒன்றின் பெயரைத் தினமும் உச்சரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

இப்படி ஒவ்வொரு வசதியும் வெளிநாட்டிலிருந்து வந்தது. வருகிறவரையில் கவலையில்லை. வராமல் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை யுத்தம் கற்றுக் கொடுத்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த மாதம் ஜாவாவும் போயிற்று. உலகத்து ரப்பரில் மிகப் பெரும்பகுதி விளைந்த தோட்டங்கள் சில மாதங்களுக்குள் எதிரி வசம் போய்விட்டன. அமெரிக்காவிலேகூட அந்த யுத்தத்தில் முதன்முதலாக ரேஷனுக்கு வந்த பொருள் சர்க்கரை அல்ல, டயர்தான்! நம் நாட்டில் கேட்க வேண்டுமா? பட்டாளத்துக்குப் போக மிஞ்சியதுதான் ஜனங்களுக்கு. பெட்ரோலுக்குப் பதிலாக டி.வி.எஸ். கம்பெனி ஒரு காஸ் பிளாண்டைச் செய்தது. பஸ்ஸின் முதுகிலே ஒரு கொப்பரை, அதிலே கரி, கரியிலிருந்து வரும் வாயுவில் என்ஜின் ஓடும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடந்த கதைகளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் கரியைக் கொண்டு டயர் செய்ய முடியாதே! அதற்கு வேறு உபாயம் வேண்டியிருந்தது. தேய்ந்த டயரின் முதுகைச் சுரண்டி, புது ரப்பரை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடு கொடுத்து வேக வைப்பது. 'ரீட்ரெடிங்' என்கிற இந்தத் தொழிலில் டி.வி.எஸ். இறங்கிற்று. ஒரு டயருக்கு இரண்டு ஜன்மம், மூன்று ஜன்மம் கிடைத்தது. ஆசாரி ஒடிந்த ஒரு காலை மட்டும் மாற்றினார் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் புத்திதான் இங்கே ரப்பரில் மறு அவதாரம் எடுத்தது. இருப்பதைக் கொண்டு ஓட்டு. ஆனால் அளவு தெரிந்து ஓட்டு என்பது அதன் உபதேசம்.

சுந்தரம் ஐயங்காருடைய மகள் டாக்டர் சௌந்தரம் அம்மாள் இந்த ஆத்தூர்ப் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். 1952 தேர்தலில் ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனவரும் அவரே. தகப்பனார் சாலைகளில் சக்கரத்தை உருட்டினார். மகள் சாலை போய்ச் சேராத குடிசைகளை நாடி வைத்தியம் செய்ய வந்தார். ஐயங்கார் 1955-ல் கோடைக்கானலில் காலமானார்.

யுத்தம் முடிந்த பிறகும் சக்கரக் கவலை தீரவில்லை. வேறு உருவம் எடுத்துக்கொண்டது. 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது. சிநேகிதருடைய செவர்லே அன்றைக்கே அநாதையாகிவிட்டது என்று சொல்லலாம். மறுபுறம், சுதேசிச் சக்கரங்கள் உருளத் தொடங்கின. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து விற்ற மாமன் மாப்பிள்ளையின் மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, 1952-ல் ரீட்ரெடிங் ரப்பருக்கு வந்து, 1961-ல் டயர் செய்யவே முனைந்தது. டி.வி.எஸ். குடும்பத்தார் 1960-ல் நிறுவிய வீல்ஸ் இந்தியா, சென்னைப் பாடியில் எஃகுச் சக்கரங்களைச் செய்யத் தொடங்கிற்று. கப்பலுக்குக் காத்திருந்த காலம் போயிற்று. நல்ல காரியம்தான். ஆனால் புதுச் சக்கரங்கள் புது வண்டிகளின் அளவுக்குத்தானே வரும்? அநாதையாகிவிட்ட செவர்லேயின் அளவை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

இந்த இடத்தில் சிநேகிதரைக் கொட்டகையிலிருந்து மறுபடி வெளியே அழைத்து வருவோம்.

பழைய சாமான் கடை ஒன்றில் அவருக்கு இரண்டு சக்கரம் கிடைத்துவிட்டது. அதே இருபது அங்குலம்; துவாரங்களின் எண்ணிக்கையும் அதேதான். "ஓட்டையைத் துளி அரத்தால் ராவிவிட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்" என்று கடைக்காரர் உறுதி சொன்னார். சிநேகிதர் வெற்றிக் களிப்போடு அவற்றை ஊருக்குக் கொண்டுவந்தார். என்ஜினைப் பிரித்துப் பூட்டிய மேஸ்திரி வந்து பார்த்தார். எண்பது வயதைத் தாண்டியவர். பஸ் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, ஆயுள் முழுவதும் பஸ்ஸுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவர். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தொடவில்லை.

"இது ஆகாது, தம்பி" என்றார்.

"ஏன் மேஸ்திரி? ஓட்டை எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"ஓட்டை ஒத்துப்போனா சக்கரம் ஒத்துப்போச்சுன்னு அர்த்தமா? ஜாதகத்துல ஒரு பொருத்தம் இருந்தா கல்யாணம் பண்ணிடுவீங்களா?"

பிறகு அவர் பொருத்தங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சாதாரணமாகப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். மேஸ்திரி ஐந்து பொருத்தம் பார்த்தார். முதலாவது, துவாரங்கள் அமைந்திருக்கும் வட்டத்தின் அளவு. அரத்தால் ராவிச் சேர்த்தால் நட்டு ஒருபக்கமாக உட்காரும். ஓட ஓட போல்ட் அசைந்து அசைந்து ஒருநாள் முறியும். இரண்டாவது, நடுத் துவாரம் குடத்தைக் கச்சிதமாகக் கவ்வ வேண்டும். மூன்றாவது, நட்டு உட்காரும் பள்ளம். கூம்பு நட்டுக்குக் கூம்புப் பள்ளம், உருண்டை நட்டுக்கு உருண்டைப் பள்ளம். மாற்றிப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் இறுகியது போலத் தோன்றுமே தவிர இறுகாது. நான்காவது, தட்டின் குழிவு. குழிவு மாறினால் முன்பக்கத்தில் பாரம் பேரிங்கின் மேல் கோணலாக விழும், டயர் மட்கார்டில் உராயும். பின்பக்கத்தில் இரட்டை டயர்கள் ஒன்றையொன்று தேய்த்துச் சூடேறி வெடிக்கும். ஐந்தாவதுதான் மிக முக்கியம். பழைய லாரி ரிம்களில் டயரைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு தனி வளையம் உண்டு. ஒரு ரிம்முக்கு உரிய வளையம் வேறு ரிம்மிலும் உட்கார்ந்தது போல இருக்கும். காற்றை ஏற்றும்போது பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து எதிரில் இருப்பவன் உயிரை வாங்கும்.

"நான் பார்த்திருக்கேன்" என்றார் மேஸ்திரி. மேலே ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சிநேகிதருக்கு முகம் வாடிவிட்டது. "ஊருக்குள்ளே ஒரு சுற்றுத்தானே? மெள்ள ஓட்டினால் போகாதா?" என்று கேட்டார்.

"உள்ளே யாரு உட்காரப் போறாங்க?" என்று திருப்பிக் கேட்டார் மேஸ்திரி.

குழந்தைகள்! அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு சக்கரங்களும் திரும்பிக் கடைக்குப் போயின.

அன்று இரவு சிநேகிதர் வேறு ஒரு யோசனை சொன்னார். புதிய குடம், புதிய அச்சு, புதிய சக்கரம் எல்லாமாகச் சேர்த்துப் போட்டுவிட்டால் என்ன? "ஆனால் அப்போது அது தாத்தாவுடைய பஸ்ஸாக இருக்குமா?" என்று தாமே கேட்டுக்கொண்டார்.

எனக்குத் திருவாரூர் ஆழித்தேர் ஞாபகம் வந்தது. 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றுபோன அந்தத் தேர் 1970-ல் மறுபடி ஓடியது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். பாய்லர் செய்கிற தொழிற்சாலையின் சக்கரத்தில் தியாகேசர் பவனி வருகிறார். 'இது பழைய தேர் அல்ல' என்று பக்தர்கள் யாரும் வடத்தைக் கீழே போட்டுவிடவில்லை. ஏனென்றால் தேருக்கு இலட்சணம் ஓடுவது. ஜனங்களை நசுக்காமல் ஓடுவது. அந்தப் பாரத்தையும் அந்த வீதியையும் அளந்து, அதற்கென்றே செய்த சக்கரம் அது. ஆசாரி செய்ததைத்தான் பொறியாளர்களும் செய்தார்கள். ஆகவே அது சரியான சக்கரம்தான்.

இதைச் சொன்னேன். சிநேகிதர் சமாதானம் அடைந்தாரோ என்னவோ, மேஸ்திரி அடையவில்லை. "செய்யலாம் சார். ஆனா அதுக்கு முன்னால ஒரு இடத்துல பார்க்கணும்" என்று சொல்லி, மறுநாள் காலையில் எங்களைச் சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு களத்துமேட்டுக்கு அழைத்துப் போனார்.

அங்கே நின்றது ஒரு டயர் வண்டி!

1930-களில் ரப்பர் டயர் போட்ட மாட்டுவண்டிகள் நம் நாட்டில் புழக்கத்துக்கு வந்தன. மர வண்டியைவிட அதிக பாரத்தை அதே மாடுகள் சுலபமாக இழுத்தன. மெல்லிய இரும்புப் பட்டா சாலையை அறுத்தது போல ரப்பர் அறுக்கவில்லை. ஆனால் கம்பெனிச் சக்கரத்துக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமே! ஆகவே குடியானவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். உடைத்துப் போட்ட பஸ், லாரிகளின் முன் அச்சைச் சக்கரத்தோடு வாங்கி, அதன்மேல் மரச் சட்டத்தைக் கட்டிக்கொண்டார்கள். மேஸ்திரி இதை மறக்கவில்லை. மோட்டார்கள் சாகும்போது அவற்றின் கால்கள் எங்கே போயின என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வண்டிக்காரப் பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மாடுகளை விற்று வெகு நாளாயிற்றாம். "எடுத்துக்குங்க, ஐயா. ஆனா வண்டியை மண்ணுல சாய்ச்சிடாதீங்க. வேற ரெண்டு சக்கரம் போட்டு நிறுத்திட்டுப் போங்க" என்றார். அவருக்கும் அது சோறு போட்ட வண்டி.

மேஸ்திரி மடியிலிருந்து டேப்பை எடுத்து ஐந்து பொருத்தமும் பார்த்தார். ஐந்தும் இருந்தன. பிறகு சக்கரங்களைச் சுத்தமாகத் துலக்கி, போல்ட் துவாரங்களைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டார். நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போட்டுக் காட்டிவிடும். ஒரு சக்கரத்தில் பொடி வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்றில், இரண்டு துவாரங்களுக்கு நடுவே மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று மெள்ளத் தோன்றிற்று. மேஸ்திரி அதை ஒன்றும் சொல்லாமல் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

ஒன்று கிடைத்தது. மற்றொன்றுக்கு ஸ்டெப்னியைக் கழற்றிப் போட்டார்கள்; அந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரிச் சக்கரம்தான். புது டயர், புது டியூப் போட்டு, வளையத்தைச் சங்கிலியால் கட்டிக் காற்றடித்தார்கள். இடப்பக்கத்து நட்டுக்களை எதிர்த் திசையில் முறுக்க வேண்டும் என்பதையும் மேஸ்திரி ஞாபகப்படுத்தினார். இல்லாவிட்டால் இறுக்குவதாக நினைத்துக் கழற்றியிருப்பார்கள்.

விழாவன்று பஸ் ஓடியது. ஊரைச் சுற்றி அல்ல; பள்ளிக்கூட மைதானத்துக்குள்ளேயே மூன்று சுற்று. ஸ்டெப்னி இல்லாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது என்பது மேஸ்திரியின் உத்தரவு. குழந்தைகளுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவே இல்லை. அவர்கள் போட்ட கூச்சலில் என்ஜினின் உறுமலே கேட்கவில்லை. வண்டிக்காரப் பெரியவரும் வந்திருந்தார். அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. முன்பக்கத்து வலது சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டுவண்டியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது பஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த பஸ்ஸின் சக்கரத்தை இத்தனை வருஷம் பத்திரமாக உருட்டி வைத்திருந்து, வேண்டியபோது திருப்பிக் கொடுத்தது ஒரு மாட்டுவண்டி. அதை அடையாளம் கண்டு சொல்ல ஒரு மேஸ்திரி உயிரோடு இருந்தார். சக்கரங்கள் எங்கேயாவது கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். பொருத்தம் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள்.

சிநேகிதர் இப்போது ஏழாவது சக்கரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். போகிற வழியில் எந்த டயர் வண்டியைக் கண்டாலும் காரை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்கிறார். பையில் டேப் இருக்கிறது. ஒரு சின்னச் சீசாவில் மண்ணெண்ணெயும் ஒரு பொட்டலம் சுண்ணாம்புப் பொடியும் இருக்கின்றன.